கரிய சிறுகோளும் ஒன்றே கால் வினாடியும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் நெய்வேலிச் சுரங்கத்தில் நில அளவையாளனாக இருந்தேன். எவ்வளவு மேல்மண் எடுத்தோம், எவ்வளவு கரி எடுத்தோம், எந்தச் சரிவு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தது. ஆனால் என்னிடம் இளையவர்கள் கேட்பது நெய்வேலியில் இல்லாத ஒரு பொருளைப் பற்றித்தான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கரிய சிறுகோள். அதன் ஓரத்தை ஒருமுறை அளந்தோம்.

போன மாதம் அளவைப் பிரிவிலிருந்து நித்யா போன் செய்தாள். இப்போது அங்கே டிரோன் பறக்கிறது. காகிதப் பதிவுப் புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய அலமாரியைக் காலி செய்தபோது என் புத்தகம் ஒன்று அவள் கையில் கிடைத்திருக்கிறது.

"சார், ஒரு பக்கத்துல 'நட்சத்திரம் மறைந்தது, மீண்டது'ன்னு இருக்கு. சுரங்கத்துக்கும் நட்சத்திரத்துக்கும் என்ன சார்? கீழ மூணு கையெழுத்து இருக்கு. ரெண்டு தெரியுது. மூணாவது யாரு?"

போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன்.

என் ஊர் கடலூர்ப் பக்கம். அப்பா மாதா கோயிலில் கோயில்பிள்ளை. டிப்ளமா முடித்த கையோடு சுரங்கத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்கள் வெயிலில் கருவியின் முக்காலியைச் சுமந்ததைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. என்னை அளவையாளனாக ஆக்கியவர் எங்கள் சீஃப், தலைமை அளவையாளர் கோதண்டராமன்.

மே மாதத்திலும் முழுக்கைச் சட்டையின் பித்தானை மணிக்கட்டில் போட்டிருப்பார். பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. புதிதாக வருகிறவர்களின் பென்சில் டப்பாவைத் திறந்து அழிப்பானை மட்டும் எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டுவிடுவார். எங்கள் அலுவலகத்தில் எதையும் அழிக்கக்கூடாது. தவறாக எழுதினால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்து. அவர் யாரையும் "தப்பு" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்குப் பயந்தே பலர் ராத்தூக்கம் தொலைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருடையது. முக்கியமான அளவு எதுவானாலும் இருவர் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆள் பார்த்து எழுதும்வரை வாய் திறக்கக்கூடாது. "அவன் எண்ணைக் கேட்டுட்டா உன் கண்ணு அதைத்தான் பார்க்கும்" என்பார்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், சுரங்கத்தின் கிழக்குச் சரிவில் ஏழாம் குறிக்கல் இரண்டு நாளில் பதினோரு மில்லிமீட்டர் நகர்ந்ததாக எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கற்கள் அசையவில்லை. வெயில் அலைதான் கண்ணை ஏமாற்றியிருக்கும் என்றார்கள் எல்லோரும். சீஃப் என் எண்ணைக் கேட்கவில்லை. ஜீப்பில் இறங்கி வந்தார், கருவியில் கண்ணை வைத்தார், எழுதினார், கையை நீட்டினார். நான் என் துண்டைக் கொடுத்தேன். இரண்டிலும் பதினொன்று. அன்று மாலைக்குள் அந்தப் பக்கத்து கன்வேயரை விலக்க ஏற்பாடு செய்துவிட்டார். அடுத்த வாரம் மழையில் சரிவு இறங்கியது. வெறும் தரையில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ஆறாம் வருடம் நேர் எதிராக நடந்தது. குறி மாறி வேறு கல்லின் மேல் கருவியை நிறுத்தி, தரை உயர்ந்துவிட்டதாக அறிக்கை கொடுத்தேன். என்னால் அரை நாள் ஒரு எந்திரம் நின்றது. சீஃப் புத்தகத்தை என் முன்னால் திறந்து வைத்தார். ஒரு கோடு அடித்து, "குறி மாறி நின்றேன், தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு அந்த விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. இந்த இரண்டையும் சொல்லாமல் சிறுகோள் கதையைச் சொன்னால் விளங்காது.

ஏறக்குறையப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வகத்திலிருந்து டாக்டர் மைதிலி என்பவர் சீஃபின் அறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். தமிழ்நாட்டு வரைபடத்தை மேசையில் விரித்து, குறுக்கே ஒரு பட்டையை விரலால் காட்டினார்.

"இந்தச் சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால போகப்போகுது சார். அப்போ அதோட நிழல் பூமியில விழும். கல்லு எவ்வளவு அகலமோ நிழலும் அவ்வளவு அகலம். கிழக்கேருந்து மேற்கே, செகண்டுக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகத்துல நம்ம மேல ஓடும். நிழலுக்குள்ள நிக்கிறவங்களுக்கு நட்சத்திரம் சில செகண்டு காணாமப் போயிடும்."

"அதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்றார் சீஃப்.

"எப்போ மறையுது, எப்போ வருதுன்னு அஞ்சு ஊர்லேருந்து குறிச்சா, கல்லுக்குக் குறுக்கே அஞ்சு கோடு கிடைக்கும். கோட்டோட ரெண்டு முனையையும் சேர்த்தா கல்லோட உருவம். பெரிய தொலைநோக்கியில பார்த்தாலும் அது ஒரு புள்ளிதான் சார். முந்நூறு கிலோமீட்டர் இருக்கும், ஆனா ரொம்ப இருட்டு. மேல விழற வெளிச்சத்துல நூத்துக்கு அஞ்சு பங்குகூடத் திருப்பித் தராது. கரி மாதிரி."

"எந்தக் கரி?" என்றார் சீஃப். "எங்க கரி பழுப்பு."

டாக்டர் மைதிலி ஒரு நிமிடம் திகைத்து, பிறகு சிரித்தார். சீஃப் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டாக்டர் மைதிலி வந்த காரணம் இரண்டு. ஐந்து இடங்களின் துல்லியமான நிலை வேண்டும். அதை நாங்கள் அளந்து தர வேண்டும். அடுத்து, அவரிடம் இருந்தவை நான்கே கேமராக்கள். விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று அவற்றைப் பிரித்துவிட்டார். விழுப்புரத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி. அங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"சேவியர் இருக்கார்" என்றார் சீஃப். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டவுன்ஷிப்பின் விளக்குகளும் சுரங்கத்தின் விளக்குகளும் வானத்தை வெளுக்கடித்துவிடும். இருட்டுத் தேடி முத்தாண்டிக்குப்பம் பக்கம் போனோம். அங்கே ஒரு முந்திரித்தோப்பைக் காட்டியவர் கலியமூர்த்தி. தோப்பு அவருடைய மாமனாருக்குச் சொந்தம். கலியமூர்த்தி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர், எங்கள் பிரிவில் அளவைச் சங்கிலி பிடிக்கவும் குறிக்கோல் நிறுத்தவும் பதினான்கு வருடங்களாக கான்ட்ராக்டில் இருந்தவர். முப்பத்தாறு வயது. பேச்சு குறைவு. எதையாவது கூர்ந்து பார்த்தால் நாக்கை அண்ணத்தில் ஒட்டி "த்ச்" என்று ஓர் ஒலி எழுப்புவார். பர்மனென்ட் ஆக்கப்படுகிறவர்களின் பட்டியல் அந்த வருடம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது.

பத்து நாட்கள், பொழுது இறங்கியதும் தோப்புக்குப் போய்ப் பழகினோம். டாக்டர் மைதிலி ஒரு சிறிய தொலைநோக்கியும், செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கி வினாடிக்கு ஒருமுறை "பிக்" என்று ஒலிக்கும் ஒரு பெட்டியும் கொடுத்திருந்தார். பெட்டியை டேப்ரிகார்டருக்குப் பக்கத்தில் வைத்து, நட்சத்திரம் மறைந்ததும் நான் "போச்சு" என்று சொல்ல வேண்டும், திரும்பியதும் "வந்துச்சு". பிறகு நாடாவைக் கேட்டு எந்த "பிக்"குக்கு எவ்வளவு தள்ளி என் குரல் விழுகிறது என்று அளப்பார்கள். ஒரு மாலை கலியமூர்த்தியையும் பார்க்கவிட்டேன்.

"மூணு கல்லு வச்ச அடுப்பு மாரி மூணு இருக்குதுங்க. நடுவுல ஒன்னு மினுக்குது. அதுவா?"

"அதேதான்."

"த்ச்" என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. மாலை ஏழேகால். முந்திரி பூத்திருந்த காலம். தோப்பு முழுக்க அந்த மணம். தெற்கே மின்நிலையத்தின் நீராவி வெளிச்சத்தில் மஞ்சளாக நின்றது. எங்கள் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது. கலியமூர்த்தியிடம் டேப்ரிகார்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சத்தம் போடக்கூடாது, விளக்கு அடிக்கக்கூடாது, காய்ந்த இலையை மிதிக்கக்கூடாது. "சரிங்க சார்" என்று எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

கண்ணை வைத்தபின் நான் உலகத்தை மறந்தேன். பிக், பிக், பிக். நட்சத்திரம் இருந்தது, இருந்தது. இல்லை.

"போச்சு!"

அது இருந்த இடத்தில் வெறும் இருட்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பொருள் அங்கே நின்றுகொண்டிருக்கிறது, ஒரு துளி வெளிச்சமும் இல்லாமல். எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினைந்து வினாடிகள் போல.

"வந்துச்சு!"

புத்தகத்தில் உடனே எழுதினேன்: நட்சத்திரம் மறைந்தது, மீண்டது. மறைந்தது திடீரென்று, மங்கவில்லை. திரும்பியதும் திடீரென்று. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

நான்கு நாள் கழித்து டாக்டர் மைதிலி போனில் பேசினார். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"சார், மத்த நாலு கேமராவும் அழகா ஒரே வளைவுல உக்காருது. நீங்க 'வந்துச்சு' சொன்னதும் அதுல கரெக்டா பொருந்துது. 'போச்சு' மட்டும் ஒன்னேகால் செகண்டு லேட். நீங்க பார்த்துச் சொல்ற தாமதத்தைக் கழிச்ச பிறகும். தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணால பார்க்கிற யாருக்கும் வர்றதுதான். ஒரு செகண்டு மனசு எங்கயாவது போயிருக்கும். மறைஞ்ச நேரத்தை விட்டுட்டு, வந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கறேன்."

"ஒரே கண்ணு, ஒரே ஆளு. ஒன்னை நம்பி இன்னொன்னை விடறது எப்படி மேடம்?"

"அதை நம்பினா, கல்லோட ஓரத்துல இருபது கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்குன்னு ஆகும் சார். நாலு கேமரா ஒன்னும் காட்டலையே."

"அந்த நாலும் எங்க தோப்புல இல்லையே மேடம்."

பத்து நாள் பொறுக்கிறேன் என்றார். அதற்குமேல் கட்டுரையைத் தள்ளிப்போட முடியாது.

சீஃபிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தேன் சார்."

"அது பதில் இல்ல சேவியர். உங்க எண்ணைக் காப்பாத்தப் போகாதீங்க. அதைக் கவுக்கறதுக்குப் பாருங்க. கவுந்தா நீங்களே கோடு அடிச்சுக் கையெழுத்துப் போடுங்க. கவுழலைன்னா வாங்க, பேசலாம்."

தவறு மூன்று இடத்தில் இருக்கலாம்: நின்ற இடம், நேரம், நான். முதலில் இடத்தை எடுத்தேன். நான் நின்ற இடத்தைக் குறிக்கத் தோப்பில் நட்டிருந்த முளையை மறுபடி புதிதாக அளந்தேன். பழைய அளவுக்கும் புதியதற்கும் கட்டைவிரல் அகலம்கூட வித்தியாசமில்லை. அடுத்து நேரம். பெட்டியை வேறொரு பெட்டியோடு வைத்துச் சரிபார்த்தார்கள். நாடாவில் ஒவ்வொரு "பிக்"கையும் எண்ணினேன். ஒன்றும் விடுபடவில்லை. மிச்சம் நான்.

அதற்கு என் மனைவி பிலோமினாவை உட்கார வைத்தேன். குவார்ட்டர்ஸ் ஹாலை இருட்டாக்கி, டார்ச் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டி ஊசித்துளை போட்டு, நான் அந்தப் புள்ளியையே பார்ப்பேன். அவள் நினைத்த நேரத்தில் சுவிட்சை அணைப்பாள். அந்த "டக்"கும் என் "போச்சு"வும் நாடாவில் பதியும். நாலு மாலையில் இருநூறு முறை.

"ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேருந்து என் மூஞ்சிய இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் மூன்றாம் நாள். ஆனால் சுவிட்சை விடவில்லை. என்னை ஏமாற்ற, மூன்று நிமிடம்வரைகூட அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இருநூறில் ஒருமுறைகூட நான் அரை வினாடிக்கு மேல் தாமதித்ததில்லை.

டாக்டர் மைதிலி நியாயமாகத்தான் சொன்னார்: "வீட்டு ஹால் வேற, தோப்பு வேற சார். இருநூத்தி ஒன்னாவது தடவை எப்படி இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? இன்னொரு ஆள் பார்த்திருந்தா பேசலாம்."

இன்னொரு ஆள் இல்லை. எட்டாம் நாள் மாலை, கோடு அடிக்கும் எண்ணத்தோடுதான் கடைசியாக ஒருமுறை நாடாவைக் கேட்டேன். மகனின் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பிக், பிக். அதன் பின்னால், என் "போச்சு"வுக்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்னால், மெல்லிய ஓர் ஒலி.

"த்ச்."

திருப்பிப் போட்டுக் கேட்டேன். பத்து முறை கேட்டேன். நான் சொல்வதற்கு முன்பே கலியமூர்த்தி எதையோ பார்த்திருக்கிறார். ஆனால் வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் அது. எதைக் கொண்டு பார்த்தார்?

வண்டியை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். அவர் மனைவி செல்வி நாற்காலி எடுத்துப் போட்டார். கலியமூர்த்தி உட்காரவில்லை.

"அன்னிக்கு நீ எதையாவது பார்த்தியாப்பா?"

"இல்லிங்க சார். டேப்பைத்தான் பாத்துகினு இருந்தேன்."

"நாடாவில உன் சத்தம் இருக்கு. எனக்கு முந்தி."

செல்விதான் பேசினார். "சொல்லிடுங்க. பத்து நாளா வூட்ல சோறு சரியாத் தின்னல சார் இவரு."

ஸ்டோரில் ஒரு பழைய தியோடலைட் கிடந்தது. கோணம் அளக்கும் கருவி. அதற்கு ஒரு சிறு தொலைநோக்கி உண்டு. டிகிரி குறித்த வட்டு தேய்ந்துபோனதால் பயனற்றது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை அன்று வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துத் தோப்புக்குக் கொண்டு வந்திருக்கிறார். கேட் பாஸில் அது இல்லை. நான் என் கருவியில் கண்ணை வைத்ததும், எனக்கு நாலடி பின்னால் அதை நிறுத்தி, அடுப்புக்கல் நட்சத்திரங்களைப் பிடித்து அவரும் பார்த்திருக்கிறார். முடிந்ததும் கட்டி வைத்து, மறுநாள் காலை யாருக்கும் தெரியாமல் ஸ்டோரில் வைத்துவிட்டார்.

"ஏம்பா?"

"ஒரு தபா பாத்தேன் இல்லிங்களா. அது காணாமப் போறதையும் பாக்கணும்னு இருந்துச்சு. கேட்டா இல்லன்னுடுவீங்களோன்னு..."

பாஸ் இல்லாமல் கருவியை வெளியே கொண்டுபோவது சின்ன விஷயமில்லை. கான்ட்ராக்ட் ஆள் ஒருவர், பட்டியல் தயாராகும் நேரத்தில். என் ஒன்றே கால் வினாடிக்காக அவருடைய பதினான்கு வருடங்களை நான் கேட்க முடியாது. அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தேன்.

"நான் சொல்லித்தான் நீ எடுத்து வந்தேன்னு நான் எழுதிக் கொடுத்துடறேன். பாஸ்ல சேர்க்க மறந்துட்டேன்னு. என்னை என்ன செய்வாங்க? ஒரு மெமோ."

கலியமூர்த்தி தலையை ஆட்டினார். அன்றுதான் அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசி நான் கேட்டது.

"வாணாங்க சார். ஒரே காயிதத்துல நீங்க சொல்லி எடுத்தேன்னு ஒன்னு, நட்சத்திரம் மறைஞ்சதைப் பாத்தேன்னு ஒன்னு. மொதல்ல இருக்கறது பொய்யின்னா ரெண்டாவதை எவன் நம்புவான்? நான் பாத்தது நெசம். நானே வந்து சொல்றேன்."

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு இருவரும் சீஃப் முன்னால் நின்றோம். கலியமூர்த்தி முதலில் கருவியைச் சொன்னார், பிறகு நட்சத்திரத்தை. சீஃப் என்னை வெளியே போகச் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். கலியமூர்த்தி எதையோ வரைந்தார். சீஃப் கேட்டார், அவர் கையால் காட்டினார். அரை மணி நேரம். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு என் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அந்தப் பக்கத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

தாளில் மூன்று புள்ளிகள், நடுவில் ஒன்று. தியோடலைட்டில் தலைகீழாகத் தெரியும். அவர் தலைகீழாகவே வரைந்திருந்தார். கீழே சீஃபின் நீல மையில் கலியமூர்த்தியின் சொற்கள்: "ஊதி அணைச்ச மாதிரி இல்ல, சுவிட்சு நிறுத்தின மாதிரி."

என் புத்தகத்தில் நான் எழுதியிருந்ததைக் கலியமூர்த்தி பார்த்ததே கிடையாது.

சீஃப் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பிறகு அந்தப் பக்கத்தில் கலியமூர்த்தியைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் போட்ட பிறகு தானும் போட்டார். நித்யா கேட்ட மூன்றாவது கையெழுத்து கலியமூர்த்தியுடையது.

புத்தகத்தை மூடிவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். பாஸ் இல்லாமல் கருவி வெளியே போனது பற்றிய அறிக்கை. எங்கள் கண் முன்னாலேயே எழுதினார். கலியமூர்த்தியின் பெயர், வண்டியைச் சோதிக்காமல் விட்ட என் பெயர்.

"சார், அவரே வந்து சொல்லியிருக்கார்..." என்று ஆரம்பித்தேன்.

"அதையும் எழுதியிருக்கேன்" என்றார் சீஃப். கடைசி வரியைக் காட்டினார். 'தானாக முன்வந்து கூறினார். கருவி பழுதின்றித் திரும்பியது.' "எழுதாம விட முடியாது சேவியர். இதை மறைச்சுட்டு அதை எப்படி அனுப்பறது?" அவர் குரல் தாழ்ந்திருந்தது. கலியமூர்த்தி புரிந்தது என்பதுபோல் தலையசைத்தார். எனக்கு அன்று சீஃப் மேல் வந்த கோபம் தணிய வெகுநாள் ஆனது.

டாக்டர் மைதிலி மறுநாளே நெய்வேலிக்கு வந்தார். நாடாவை நாலு முறை கேட்டார். கலியமூர்த்தியைத் தனியாக விசாரித்தார். என் குரலைக் கேட்டு அவர் ஒலி எழுப்பியிருக்க முடியாது, அவர் ஒலிதான் முந்தியது. அவர் ஒலியைக் கேட்டு நான் சொல்லியிருக்கலாமே என்றார். அதற்கும் பதில் இருந்தது. இரண்டு ஒலிக்கும் நடுவே இருந்த இடைவெளி, கேட்டுத் திரும்பிச் சொல்ல எந்த மனிதனுக்கும் போதாது. இரண்டு கருவி, இரண்டு கண், ஒரே நேரம்.

"நான் அவசரப்பட்டுட்டேன் சார்" என்றார். கட்டுரையில் அந்த ஓரத்தை வளைவாக வரையாமல், உள்ளே ஒடுங்கிய ஒரு பள்ளமாக வரைந்தார். நிச்சயமாகச் சொல்ல இன்னொரு நிழல் வேண்டும் என்றும் எழுதினார். பார்த்தவர்களின் பட்டியலில் முத்தாண்டிக்குப்பம் என்பதற்கு நேராக இரண்டு பெயர்கள்.

எனக்கு மெமோ வந்தது. கலியமூர்த்திக்கு ஒரு வாரம் வேலை இல்லை. அந்த வருடப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த பட்டியலில் சேர்க்கும்படி சீஃப் மூன்று முறை மேலிடத்துக்கு எழுதினார். இரண்டு முறை நேரிலேயே போனார். ஒரு வருடம் கழித்துக் கலியமூர்த்தி பர்மனென்ட் ஆனார். அந்த ஒரு வருடத்தில் மகளின் கல்லூரிச் சேர்க்கையைத் தள்ளிப்போட்டார்கள். அதைச் செல்வி என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார். நான் கலியமூர்த்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு வருசம் போனது போனதுதாங்க சார். அதை நீங்க ஒன்னும் பண்ண முடியாது" என்றார். அதற்கு மேல் அவர் இனிப்பாக எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இளையவர்கள் கேட்கிறார்கள்: கேமரா பார்க்காததை இரண்டு பேர் பார்த்தோம் என்று எப்படி அடித்துச் சொன்னீர்கள்? நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. எங்கள் எண்ணைக் கவிழ்க்கப் பத்து நாள் பாடுபட்டோம், அது கவிழவில்லை. இன்று உங்கள் டிரோன் ஒரு எண்ணைத் தரும். அது மற்ற எண்களோடு சேராமல் தனியாக நிற்கும் நாள் ஒன்று வரும். அன்று அதைச் சராசரியில் கரைத்துவிடாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், ஒரு பகல் வேளையில் டாக்டர் மைதிலியிடமிருந்து போன் வந்தது. அதே சிறுகோள் வேறொரு நாட்டில் வேறொரு நட்சத்திரத்தை மறைத்திருக்கிறது. இந்த முறை கேமராக்கள் நெருக்கமாக நின்றிருக்கின்றன. அதே பக்கத்தில், அதே ஆழத்தில், மூன்று கேமராக்களில் அந்தப் பள்ளம் விழுந்திருக்கிறது.

"உறுதியாயிடுச்சு சார்" என்றார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கலியமூர்த்திக்கு அன்று செகண்ட் ஷிப்ட். ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில், ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டு, ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மூன்று கேமரா, அதே பள்ளம், இருபது கிலோமீட்டர்.

நிதானமாகக் கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அதான் அன்னிக்கே சொன்னமே சார்" என்றார்.

பஸ் வந்தது. ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.